கேளுங்கள், சொல்கிறேன்: ஐந்திலக்க ரேஸரும் மூன்று ரூபாய் பிளேடும்

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில், ‘இரவல் வாங்கிய ஒரு விலை உயர்ந்த ஜப்பான் ரேஸரில் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், அதைப் பற்றிப் பிறகு’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். ஓய்வூதியம் பற்றியும் வீட்டு வரி பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதங்கள் இந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்கச் சவரம்தான். தாடி வைத்திருப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

சவரம் செய்ய ஐந்திலக்கத்தில் ஒரு ரேஸரா? உள்ளே போடுவது என்னவோ அதே பெட்டிக்கடை பிளேடுதானே? இதைப் பணக்காரத் திமிர் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– எஸ்.வி., திண்டுக்கல்

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திமிர் என்னுடையது இல்லை, என் மச்சினனுடையது. நாகோயாவில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செகி என்று ஒரு ஊர், 700 ஆண்டுகளுக்கும் மேலாக வாள் அடித்த ஊர், இப்போது சமையல் கத்தி, கத்தரிக்கோல், பிளேடு எல்லாம் அங்கே செய்கிறார்கள். 1932இல் அந்த ஊரில் தொடங்கிய ஃபெதர் நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான கத்திகளும் செய்கிறது, ரேஸரும் செய்கிறது. அவர்களுடைய ஏஎஸ்-டி2 என்கிற ரேஸரைத்தான் மச்சினன் வாங்கி வந்து, ‘ஒரு மாசம் வச்சுப் பாருங்க மாமா’ என்று கொடுத்துவிட்டுப் போனான்.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. பளபளப்பு கூடக் கிடையாது, மங்கலான எவர்சில்வர் நிறம். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே துண்டு. ஆனால் பிளேடை வைத்து மூடியபோதுதான் விஷயம் புரிந்தது. என்னுடைய பழைய ரேஸரில் பிளேடை மாட்டியதும் அதை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, விரலால் தட்டிச் சரிசெய்து, அப்புறம்தான் திருகுவேன். இருபது வருஷப் பழக்கம், இப்படித்தான் எல்லா ரேஸரும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் தட்டுவதற்கு வேலையே இல்லை. பிளேடு போய் உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்தில் இருந்தது, இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோல ஒரே அளவு.

காசு அங்கேதான் போகிறது. பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஜெராக்ஸ் எடுக்கிற தாளின் கனம். அவ்வளவு மெல்லிய தகட்டை வளைத்து, ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இறுக்கிப் பிடித்தால்தான் முடியில் படும்போது அது அதிராது. பிடிப்பு தளர்ந்தால் பிளேடு நடுங்கும், கன்னத்தில் கரகரவென்று இழுக்கும். பிளேடுக்கும் அடியில் இருக்கிற தடுப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பிளேடின் முனை எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது, இவையெல்லாம் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கு. கனடாவில் விமானப் பாகங்கள் கடைகிற பட்டறைக்காரர்கள் செய்கிற ஹென்சன் ஏஎல்13 ரேஸரில் பிளேடு வெளியே தெரிவது சுமார் 0.03 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் பாதி கூட வராது.

மலிவான ரேஸர்களின் தலை பெரும்பாலும் சமாக் என்கிற துத்தநாகக் கலவை. துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு, நான்குக்கும் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர் அது. உருக்கி அச்சில் ஊற்றி, மேலே குரோமியம் முலாம் பூசிவிடுவார்கள். விலை குறையும், வடிவமும் நன்றாகவே வரும், ஆனால் மூடியில் இருக்கிற திருகாணித் தண்டு மட்டும் பாவப்பட்ட ஜென்மம். என்னிடம் இருந்த ஒன்று (பெயர் வேண்டாம்) குளியலறைத் தரையில் ஒரே ஒருமுறைதான் விழுந்தது, தண்டு கைப்பிடிக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது, அதை இடுக்கியால் கூட எடுக்க முடியவில்லை. எவர்சில்வரை அவ்வளவு சுலபமாக ஊற்றி முடித்துவிட முடியாது, பல நல்ல ரேஸர்களில் ஒவ்வொரு துண்டையும் எந்திரத்தில் கடைந்து எடுக்கிறார்கள், கடைகிற உளியும் சீக்கிரம் தேயும். அந்த நேரத்துக்கும் தேய்மானத்துக்கும்தான் விலை.

சரி, சவரம் எப்படி? முதல் நாளே மோவாய்க்கு அடியில் வெட்டிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். இந்த ரேஸர் ரொம்ப சாது. முதல் இழுப்பில் நுரையை மட்டும் வழித்துவிட்டு முடியை விட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது, ஏனென்றால் எதுவுமே உணரவில்லை, சத்தமும் மிகக் குறைவு. உடனே பழக்கதோஷம், கொஞ்சம் அழுத்தினேன். சாது மிரண்டது. நான்காவது நாள்தான் கை அடங்கியது. கைப்பிடியின் அடிநுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, ரேஸர் தன் கனத்தில் தானே இறங்கட்டும் என்று விட்டபோது, குரல்வளைக்குப் பக்கவாட்டில் இத்தனை வருஷமாகச் சிவந்து எரிகிற ஒரு ரூபாய் நாணய அளவு இடம் அன்று எரியவில்லை. எனக்குத் தெரிந்த உருப்படியான வித்தியாசம் அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் ஒரு சோதனை செய்தேன். வலது கன்னத்துக்கு ஜப்பான் ரேஸர், இடது கன்னத்துக்கு அறுநூறு ரூபாய் ரேஸர், இரண்டிலும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த புது பிளேடு. வீட்டம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான், காதுல நுரை இருக்கு, துடைங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வழித்து முடித்த கன்னத்தில் வித்தியாசம் இல்லை, எஸ்.வி. அவர்களே. வழிக்கிற பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஐந்திலக்கம் கொடுக்கலாமா என்பது உங்கள் சட்டைப்பைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள விவகாரம்.

சார், கல்லூரிக் காலத்தில் இந்தப் பழைய மாதிரி ரேஸரில் உதட்டோரம் வெட்டிக்கொண்டதிலிருந்து ஐந்து பிளேடு காட்ரிட்ஜ்தான். ஆனால் கழுத்தெல்லாம் சின்னச் சின்னப் பருவாக வருகிறது. திரும்பப் பழையதற்கே போகலாமா? பயமாகவும் இருக்கிறது.
– ரா.மு., தென்காசி

உங்கள் கழுத்துப் பருவுக்குக் காரணம் அநேகமாக அந்த ஐந்து பிளேடுதான். பல பிளேடு காட்ரிட்ஜில் முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், பின்னால் வருவது வெட்டும், வெட்டுப்பட்ட முடி தோலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நேர்முடிக்காரர்களுக்குப் பெரும்பாலும் பாதகமில்லை. சுருட்டை முடி என்றால் வளர்ந்து வரும்போது வெளியே வராமல் உள்ளேயே வளைந்து தோலைக் குத்தும், அந்த இடம் பருப்போல வீங்கும். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டிவிட்டு நின்றுகொள்வதால் இந்தத் தொல்லை பலருக்குக் குறைகிறது. போகாமல் சீழ் வைத்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், ரேஸரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

பயத்துக்கு வருவோம். காட்ரிட்ஜின் தலை முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி அதுவாகவே ஆடிக்கொடுக்கும், நீங்கள் எப்படி இழுத்தாலும் கோணத்தை அது பார்த்துக்கொள்ளும். இதில் தலை ஆடாது, அதனால் கோணம் உங்கள் பொறுப்பு. மூடியின் மேற்பகுதியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி தரைக்குப் படுக்கையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அப்படியே கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக ரேஸரை நகர்த்துங்கள், ஓரிடத்தில் ‘சரக்’ என்று முடி அறுபடுகிற சத்தம் கேட்கும். அதுதான் கோணம், ஏறக்குறைய 30 டிகிரி. அந்தச் சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும், கண்ணாடி கூட இரண்டாம்பட்சம். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், பக்கத்து வீட்டு டிவி வேண்டுமானால் ஓடட்டும்.

முடி வளர்கிற திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தாடியில் விரலால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவும்போது வழுவழுப்பாகப் போகிறதோ அதுதான் வளரும் திசை. கன்னத்தில் எல்லோருக்கும் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். கழுத்தில்தான் வேடிக்கை, சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குக் காதுப்பக்கமாக, எனக்கு இடது கழுத்தில் சுழி மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. முதல் ஒரு மாதம் வளரும் திசையில் மட்டும் வழியுங்கள். மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒருமுறை வழிக்கலாம். எதிர்த்திசையில் இழுப்பது கல்யாண வீட்டுக்குப் போகிற அன்றைக்குப் போதும்.

அப்புறம், குளித்து முடித்துவிட்டுச் சவரம் செய்யுங்கள். நம் ஊரில் சவரம் முடித்துவிட்டுத்தான் குளிப்பது, அது தீட்டுக் கணக்கு, புரிகிறது, ஆனால் வெந்நீரில் ஊறிய முடி மெத்தென்று வெட்டுப்படும். தீட்டும் கழிய வேண்டும் முடியும் ஊற வேண்டும் என்றால் முகத்தில் ஈரத்துண்டை இரண்டு நிமிஷம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கட்சியும் சமாதானம்.

எந்த பிளேடு நல்லது? ஒரு பிளேடை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?
– கே.பி., ஓசூர்

உங்கள் முகத்துக்கு எது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே ரேஸரில் ஒருவருக்கு வெண்ணெயாக இருக்கிற பிளேடு இன்னொருவருக்கு ரம்பமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டால் முடியின் தடிமன், தோல், கையின் பழக்கம் என்று எல்லாம் சேர்ந்துதான். நம் நாட்டில் இது ஒரு வசதி, ஒரு பிளேடு மூன்று ரூபாய், நான்கு ரூபாய்தான். ஐந்தாறு வகை ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிளேடாவது முழுசாகத் தீர்த்துப் பாருங்கள். அதுவரை ரேஸரையும் சோப்பையும் மாற்ற வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எரிந்தது என்றே தெரியாது. ஃபெதர் பிளேடு மிகக் கூர்மை என்று பெயர் வாங்கியது, விலையும் நம் ஊர் பிளேடைப் போல் பல மடங்கு. மச்சினன் கொடுத்த சாதுவான ரேஸரில் அந்தக் கூர்மையான பிளேடு சரியாகப் பொருந்தியது, அதையே என் பழைய ரேஸரில் போட்டபோது முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல ஆகிவிட்டது.

எத்தனை தடவை என்றால், எனக்கு நாலைந்து. இழுக்க ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், மூன்று ரூபாய்க்கு முகத்தைப் பணயம் வைக்காதீர்கள். முடியை விட ஐம்பது மடங்கு கடினமான எஃகு எப்படித்தான் முடியை வெட்டி மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2020இல் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு செய்த மாணவர் தானே சவரம் செய்து, செய்து, பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாராம். விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்து கொடுத்து ஒரு சாய்வில் படும்போது, எஃகின் உள்ளமைப்பில் ஒரே சீராக இல்லாத இடமாகப் பார்த்துப் பெயர்த்துவிடுகிறது. அதனால் பிளேடைத் துண்டில் துடைக்கிற வழக்கத்தை விடுங்கள், விளிம்பில் மெல்லிய பூச்சு வேறு இருக்கிறது. தண்ணீரில் அலசி உதறி வைத்தால் போதும்.

சவரத்துக்குப் பிறகு படிகாரம் தேய்க்கிறார்களே, நல்லதா?
– பெயர் எழுதாத வாசகர், கும்பகோணம்

நல்லதுதான், சின்ன வெட்டில் ரத்தம் நிற்கும். ஆனால் எனக்கு அது பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார். எங்கே அழுத்தினோமோ அங்கே மட்டும் சுள்ளென்று பிடிக்கும், மற்ற இடத்தில் ஒன்றும் தெரியாது. ஜப்பான் ரேஸரின் முதல் நாள் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன். முப்பது விநாடி விட்டுக் கழுவிவிடுங்கள், அப்படியே விட்டால் தோல் வறண்டு இழுக்கும்.

இந்த வகை ரேஸரைக் கண்டுபிடித்தவர் ஜில்லெட்தானா? ரேஸரை மலிவாகக் கொடுத்துவிட்டு பிளேடில் லாபம் பார்த்தார் என்று எம்பிஏ வகுப்பில் சொன்னார்கள்.
– ஜே.எம்., நாகர்கோவில்

முகத்தை வெட்டாத ரேஸர் என்கிற யோசனை அவருக்கு முந்தியது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் ஜான்-ஜாக் பெரே என்கிற கத்திக்காரர் சவரக்கத்திக்கு மரக் காப்பு மாட்டியிருக்கிறார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் மண்வெட்டி மாதிரி தலை வைத்த ரேஸருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் அவற்றில் எல்லாம் பிளேடைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் செய்தது, தீட்டவே வேண்டாம், மழுங்கினால் எறி என்று சொன்னதுதான். சோடா பாட்டில் மூடி விற்கிற கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர், அந்த மூடியைக் கண்டுபிடித்த முதலாளி வில்லியம் பெயின்ட்டர்தான் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற மாதிரி ஏதாவது கண்டுபிடி என்று யோசனை சொன்னவர். 1895இல் யோசனை வந்துவிட்டது, தகடுதான் வரவில்லை. அவ்வளவு மெல்லிய எஃகைக் கூர்தீட்ட முடியாது என்று விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வில்லியம் நிக்கர்சன் என்கிற பொறியாளர்தான் அதற்கு எந்திரம் செய்து கொடுத்தார். ஜில்லெட் பெயர் உலகம் முழுக்கத் தெரியும், நிக்கர்சனை யாருக்குத் தெரியும்? அந்தப் பெயரை ரேஸருக்கு வைக்காததற்கும் ஒரு காரணம் உண்டு என்பார்கள், ஆங்கிலத்தில் ‘நிக்’ என்றால் கீறல்.

1903இல் முதல் வருஷ விற்பனை 51 ரேஸர், 168 பிளேடு. எங்கள் தெரு மளிகைக்கடையில் ஒரு மாதத்தில் இதைவிட அதிகம் போகும். அடுத்த வருஷம் 90,000 ரேஸர். 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது.

எம்பிஏ வகுப்பில் சொன்னதுதான் தப்பு. அந்த ரேஸரின் விலை 5 டாலர். அன்றைய ஆலைத் தொழிலாளியின் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு வரும். அதாவது இந்த வகையில் முதன்முதலில் வந்ததே இன்றைய என் மச்சினன் ரேஸர் மாதிரியான ஆடம்பரச் சாமான்தான், எஸ்.வி. கேட்ட கேள்வியை 1903இலேயே பாஸ்டனில் யாராவது கேட்டிருப்பார்கள். காப்புரிமை இருக்கும்வரை அவர் விலையை இறக்கவில்லை. 1921இல் காப்புரிமை முடிகிற நேரத்தில்தான் பழைய மாதிரியை 1 டாலருக்கு விட்டார்கள். நடுவில் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு 35 லட்சம் ரேஸர் வாங்கிக் கொடுத்ததில், தினமும் தானே சவரம் செய்துகொள்கிற ஒரு தலைமுறையே போர்முனையிலிருந்து வீடு திரும்பியது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. 1904ஆம் வருஷத்து ரேஸரில் இன்று பெட்டிக்கடையில் வாங்குகிற பிளேடு பொருந்தும். செல்போன் சார்ஜர் செய்கிறவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய ரேஸர் கிடைத்தது. அடியில் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிறது. பச்சை பிடித்திருக்கிறது. பயன்படுத்தலாமா? அப்பா இல்லை, அதனால் கேட்கிறேன்.
– மு.செ., சிவகங்கை

கட்டாயம் பயன்படுத்தலாம். பச்சை பிடித்திருந்தால் உள்ளே பித்தளை, நல்ல செய்தி, சமாக் காலத்துக்கு முந்திய சாமானாக இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், குத்துவிளக்கு மாதிரி மின்னும், மேல் முலாமும் சேர்ந்து போய்விடும். கொதிக்க வைக்கவும் வேண்டாம். கதவுகளின் கீல் மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, திறந்து மூடிப் பாருங்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில், ஒரே அளவு மூடினால் ரேஸர் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் முகத்தில் வைக்காதீர்கள், அலமாரியில் வையுங்கள்.

உங்கள் கடிதம் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைக் கிளப்பிவிட்டது. எங்கள் அப்பா ஜன்னல் கம்பியில் கைக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டி, பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காருவார். பிளேடு மழுங்கினால் உடனே எறிய மாட்டார், கண்ணாடி டம்ளருக்குள் பிளேடைப் படுக்க வைத்து, ஆள்காட்டி விரலால் அழுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைவாகத் தேய்ப்பார், கிர்ர் கிர்ர் என்று ஒரு சத்தம், எனக்குப் பல் கூசும். அதில் இன்னும் இரண்டு சவரம் ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகும் எறியாமல் பாதியாக ஒடித்து ஒரு பாதி அம்மாவுக்குத் தையல் பிரிக்க, ஒரு பாதி எனக்குப் பென்சில் சீவ. டம்ளர் தந்திரம் வேலை செய்ததா என்றால், அப்பா முகத்தில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டுகளைப் பார்த்தவரையில், அவ்வளவாக இல்லை.

அண்ணே, பையன் பொறியியல் முதல் வருஷம், முதல் ரேஸர் வாங்கித் தரணும். ஜப்பான் ரேஸரையே வாங்கிடலாமா, ஆயுசுக்கும் வருமே?
– டி.கே., அவிநாசி

ஆயுசுக்கும் வரும், ஆனால் ஹாஸ்டல் குளியலறையில் முதல் செமஸ்டர் தாண்டாது. யாராவது ‘ஒரு நாள் குடுடா மச்சான்’ என்று வாங்கிப் போவான், அத்தோடு சரி.

முதல் ரேஸருக்கு இரண்டே விஷயம் பாருங்கள்: சாதுவாக இருக்க வேண்டும், மூன்று துண்டு அல்லது இரண்டு துண்டாகக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். அடித்தட்டு சீப்புப் பல் மாதிரி வெட்டி வெட்டி இருப்பதை இப்போது தொட வேண்டாம். அதிலும் ஜெர்மனியின் மூலே ஆர்41 மாதிரி சில உண்டு, பழகிய கைக்காரர்களே வாரத்துக்கு ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார்கள். அதே கம்பெனியின் ஆர்89, அதே நாட்டில் சோலிங்கன் என்கிற ஊரில் செய்கிற மெர்க்கூர் 34சி, இரண்டும் சாமானியர்கள் ஆரம்பிக்கத் தோதானவை, இரண்டும் சமாக் தலைதான், தரையில் போடாமல் பார்த்துக்கொண்டால் பல வருஷம் வரும். அந்த விலையும் அதிகம் என்றால் ஐந்நூறு அறுநூறு ரூபாயில் நம் நாட்டில் செய்கிறவையே போதும், பிளேடை மாட்டியதும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

நல்ல சாமானில் கொஞ்சம் பணம் போடலாம் என்று இருந்தால், தட்டு மாற்றுகிற ரகம் ஒன்று இருக்கிறது. கனடா ராக்வெல் 6எஸ் அப்படித்தான், எவர்சில்வர், மூன்று தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், ஆக ஆறு நிலை. இப்போது பூனைமுடிக்கு ஒன்றாம் நம்பர், வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆகி முடி முள்ளாகும்போது நாலு, ஐந்து என்று ஏறிக்கொள்ளலாம். ஐந்திலக்கம் கொடுத்துவிட்டு ‘நமக்கு இது சரிப்படவில்லை’ என்று விற்க அலைவதற்கு இது மேல். வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது இரவல் கிடைத்தால் பத்து நாள் பாருங்கள், ஒரே நாளில் எந்த ரேஸரும் தன் குணத்தைக் காட்டாது. இரவல் ரேஸரை டெட்டாலில் ஊறவைத்துக் கழுவிவிட்டு, புது பிளேடு போட்டுத்தான்.

பையனுக்கு ஒரு பிரஷும் வாங்கிக் கொடுங்கள். அதை மட்டும் மறந்துவிடுகிறோம். கிரீமைக் கையால் இழுவிக்கொண்டு இருபதாயிரம் ரூபாய் ரேஸரால் வழித்தாலும் எரியத்தான் செய்யும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டு போகலாமா?
– வி.எஸ்., சென்னை 78

பிளேடு கூடவே கூடாது. ரேஸரில் மாட்டியிருந்தாலும் பாக்கெட்டில் பிரிக்காமல் இருந்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சரக்கில் போடுகிற பெட்டியில் வையுங்கள், அல்லது போன ஊரில் மூன்று ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாத வெறும் ரேஸரை அவர்கள் அனுமதிக்கத்தான் வேண்டும், ஆனால் ஐந்திலக்கச் சாமானை வைத்துக்கொண்டு காவலரிடம் வாதாடுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

பழைய பிளேடை என்ன செய்வது? குப்பை எடுக்க வருகிற அம்மாவின் கையை ஒருமுறை கிழித்துவிட்டது.
– எல்.ஆர்., மதுரை

நல்ல வேளை கேட்டீர்கள். கண்டென்ஸ்டு மில்க் டப்பா மாதிரி ஒரு தகர டப்பா, மேல் மூடியில் உளியால் பிளேடு நுழைகிற அளவு ஒரு கீறல், அவ்வளவுதான். உண்டியல் மாதிரி போட்டுக்கொண்டே வாருங்கள், தினமும் சவரம் செய்தாலும் நிறைய வருஷக்கணக்கு ஆகும். நிறைந்ததும் கீறலைச் சுத்தியலால் தட்டி மூடி, பழைய இரும்புக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். பேப்பரில் சுற்றி வெளியே எறியாதீர்கள், பேப்பர் நனைந்தால் முடிந்தது.

போன நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கட்டிய பல வீடுகளில் குளியலறை மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். பழைய பிளேடை அதில் தள்ளினால் சுவருக்குள் விழும். எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை, எங்கேயும் போகவில்லை. இப்போது வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் சுவரை உடைத்தால் துருப்பிடித்த பிளேடு குவியல் குவியலாகக் கொட்டுகிறது. பக்கத்து மனைக்காரனுக்குக் குப்பை தள்ளுகிற நம் ஊர் முறையே தேவலாம் போலிருக்கிறது, அதையாவது கண்ணால் பார்க்கலாம்.

கடைசியில் மச்சினனிடம் ரேஸரைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா?
– போன இதழின் அந்த ஒரு வரியைப் படித்த பலர்

ஒரு மாதம் முடிந்த அன்றே கழற்றி, கழுவி, துடைத்து, அது வந்த டப்பாவிலேயே வைத்து, மச்சினனுக்கு வீடியோ கால் போட்டேன். மார்பு வரை இறங்கிய தாடியோடு திரையில் வந்து நின்றான். அலுவலகத்தில் எல்லோரும் வளர்க்கிறார்களாம். “இருக்கட்டும் மாமா, ஊருக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்” என்றான். தாடி அவனுக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். எடுக்கவே எடுக்காதே என்றும் சொன்னேன்.